கொடி தெரிகிறது, தறி எங்கே?

திருப்பூர் குமரன் திருப்பூரில் பிறந்தவர் அல்லர். 1904 அக்டோபர் 4 அன்று சென்னிமலையில், கைத்தறி நெய்து பிழைத்த குடும்பத்தில் பிறந்தார். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. தறியில் உட்கார்ந்தார். தறிக்கூலி வீட்டுக்குப் போதவில்லை. திருப்பூருக்குப் போய் எடை போடும் வேலையில் சேர்ந்தார். 1932 ஜனவரி 10 அன்று தடையை மீறி நடந்த விடுதலைப் போராட்ட ஊர்வலத்தில் போலீஸ் தடியடியில் மண்டை உடைந்து, தேசியக் கொடியை விடாமல் விழுந்தார். மறுநாள் இறந்தபோது வயது 27.

இந்த வாழ்க்கையில் நம் பாடப்புத்தகங்களுக்குக் கடைசி இரண்டு நாள் போதும். மிச்சமுள்ள இருபத்தேழு ஆண்டும் ‘ஏழை நெசவாளர் குடும்பத்தில் பிறந்தார்’ என்ற ஒற்றை வரியில் அடங்கிவிடும். சினிமாவும் அப்படித்தான். 1973-இல் வந்த ‘ராஜபார்ட் ரங்கதுரை’யில் நாடக மேடைக் குமரனாகச் சிவாஜி விழுந்தபோது தியேட்டரே அழுதது. அந்தக் கைக்குப் பழக்கமான பொருள் நாடா என்பது யாருக்கும் தோன்றியிருக்காது. கொடியைப் பிடித்தது அந்தக் கைக்குச் சில காலம். நாடாக் கயிற்றை இழுத்தது அதற்கு முன்பே.

குமரனின் தியாகத்தை இதனால் குறைத்துச் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். என் குறை வேறு. கூலி கட்டாமல் தறியை விட்டுத் திருப்பூருக்குப் பிழைக்கப் போன சென்னிமலைக்காரர் என்று பார்த்தால், குமரன் நூறு வருடத்துக்கு முந்தைய ஆள் மாதிரியே தெரிய மாட்டார். இன்றும் விடிகாலையில் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குள் பனியன் கம்பெனி வண்டிகள் வந்து ஆள் ஏற்றிப் போகின்றன. ஏறுகிறவர்களில் தறிக்குழியை மூடிவிட்டு வந்தவர்கள் உண்டு. தறியையே பார்த்திராத அவர்கள் பிள்ளைகளும் உண்டு. குமரன் போன வழி அது. அந்தத் தொடர்ச்சியைச் சொல்ல ஒரு பாட்டோ, நாடகமோ, சுவரில் ஒரு படமோ சென்னிமலையில் ஏன் ஓங்கி நிற்கவில்லை?

ஊருக்குப் பாட்டுப் பஞ்சமா என்றால் கிடையாது. தமிழ்நாட்டில் அதிக வீடுகளில் ஒலிக்கும் பாட்டுகளில் ஒன்றான கந்த சஷ்டி கவசத்தைத் தேவராய சுவாமிகள் அரங்கேற்றியது இந்த மலையில்தான் என்பது ஊரின் நம்பிக்கை. சூலமங்கலம் சகோதரிகளின் குரலில் அது காலையில் ஒலிக்க, தார் சுற்றும் இராட்டை பக்கத்திலேயே சுழலும். அந்தக் கவசத்தைப் பக்தியோடு கேட்கிறவர்கள் ஒரு தடவை தறியோடும் சேர்த்துக் கேட்க வேண்டும். தலையில் தொடங்கிக் கால்வரை, உறுப்பு உறுப்பாகப் பெயர் சொல்லி, முருகனின் வேலைக் காவலுக்கு அழைக்கிற பாட்டு அது. கைத்தறியும் உடம்பை அப்படித்தான் உறுப்பு உறுப்பாகக் கேட்கும். கண் இழையில் இருக்க வேண்டும். ஒரு கை நாடாக் கயிற்றை இழுக்க வேண்டும், மற்றது அச்சுப் பலகையை அடிக்க வேண்டும். பாதம் மிதிகட்டையை மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். நாள் முழுக்க முன்னும் பின்னும் ஆடும் முதுகு சாயங்காலம் நிமிர மறுக்கும். ஐம்பது வயதில் ஊசியில் நூல் கோக்கப் பேத்தியைக் கூப்பிடும் நெசவாளிக்குக் கண்ணைக் காக்கச் சொல்லும் வரி வெறும் தோத்திரமாக இருந்திருக்காது. தேவராயர் நெசவாளியை நினைத்து எழுதினார் என்று நான் சொல்லவில்லை. பாட்டு யார் எழுதியதோ அவருக்கு மட்டும் சொந்தமில்லை. எந்த வலியோடு எந்த ஊர் அதைப் பாடுகிறதோ அந்த ஊருக்கும் அதில் பங்கு உண்டு.

இந்த வட்டாரத்தில் உழைப்பவன் தன் பெயரை எழுதிவைத்த காலமும் இருந்திருக்கிறது. சென்னிமலையிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்ல முடியாவிட்டாலும், ஒரு பொழுதில் போய்வரக்கூடிய தூரத்தில், நொய்யல் கரையில் இருக்கிறது கொடுமணல். 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் மணி கோத்த பட்டறைகளும், இரும்பு உருக்கிய உலைகளும், நூல் நூற்ற தக்களிகளும் அங்கே கிடைத்தன. கூடவே பானை ஓடுகளில் ஆதன், சாத்தன் போன்ற பெயர்கள் தமிழ் பிராமியில் கீறப்பட்டிருந்தன. பதிற்றுப்பத்து பேசும் கொடுமணம் இதுதான் என்பது ஆய்வாளர் கருத்து. அரசனின் மெய்க்கீர்த்தி கல்லில் ஏறுவதற்குப் பல நூற்றாண்டு முன்பே, பட்டறை நடந்த ஊரில் ஆட்கள் தங்கள் பானையில் தங்கள் பெயரைக் கீறியிருக்கிறார்கள்.

இன்றைய சென்னிமலைப் போர்வையில் அந்தப் பெயர் இல்லை. போர்வையின் நடுவில் விரியும் பூவும் கரையில் ஓடும் கொடியும் தானாக வந்துவிடுவதில்லை. ஒருவர் கட்டம் போட்ட தாளில் அதைப் புள்ளி புள்ளியாக வரைய வேண்டும். இன்னொருவர் அந்தப் புள்ளிகளுக்கு ஏற்ப அட்டையில் ஓட்டை அடிக்க வேண்டும். அட்டைகளை வரிசையாகக் கோத்து ஜக்கார்டு பெட்டியில் ஏற்றினால், ஓட்டை சொல்கிறபடி இழை மேலே போகும், கீழே தங்கும். பிரான்சின் லியோனில் 1804-இல் ஜக்கார்டு செய்த பெட்டியின் கொள்கை இது. கணினிக்கு முன்னோடி என்று பின்னால் அதைக் கொண்டாடினார்கள். அந்த அட்டை அடித்தவரின் பெயரை நாம் எங்கும் கேட்பதில்லை. ஓவியக் கண்காட்சியில் கைத்தறி நெசவாளியை வரைந்த படத்துக்குக் கீழே ஓவியரின் கையெழுத்து இருக்கும். நெசவாளி வரைந்த பூவின்மேல் நாம் படுத்துத் தூங்கிவிடுகிறோம். உழைக்கும் மக்களின் கலை என்றால் அவர்களைப் பற்றி மற்றவர்கள் செய்த கலை என்றே பழகிப்போய்விட்டது நமக்கு.

கோவைப் பஞ்சாலைத் தொழிலாளியின் கதை இதிலிருந்து வேறுபட்டது. 1888-இல் ஸ்டேன்ஸ் மில்லில் தொடங்கி, 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் மளமளவென்று பெருகிய ஆலைகள், தொழிலாளிக்குக் கூடவே ஒரு மேடையையும் கொடுத்தன. அந்த மேடைக்குப் பெயர் மில் கேட். ஷிப்ட் விடும் நேரத்தில் ஆயிரம் பேர் ஒரே வாசலில் வெளியே வருவார்கள். பேச ஒருவர் எழுந்தால் கூட்டம் தயாராக நிற்கும். பொதுவுடைமைத் தலைவர் ஜீவாவின் தொழிலாளர் பாட்டுகள் அந்த வாசல்களில் பாடுவதற்கென்றே பிறந்தவை: கைதட்டத் தாளம், திருப்பிப் பாடச் சின்னச் சின்ன அடி, அழுகையிலிருந்து கோபத்துக்கு ஏறும் நடை. என்.ஜி. ராமசாமி போன்ற தலைவர்களின் பேச்சு அங்கேதான் முறுக்கேறியது. 1946 ஜனவரி 8 அன்று ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் என்ற நான்கு ஆலைத் தொழிலாளர்கள் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். சின்னியம்பாளையம் தியாகிகள் என்று இன்றும் ஆண்டுதோறும் அவர்களுக்கு அஞ்சலி நடக்கிறது. நான்கு பெயரையும் மூச்சுவிடாமல் சொல்லக்கூடிய முதியவர்கள் அந்தப் பக்கம் இருக்கிறார்கள். பாட்டிலும் பேச்சிலும் ஏறிய பெயர் அவ்வளவு சீக்கிரம் அழிவதில்லை.

கைத்தறிக்கு அந்த வாசல் இல்லை. தறி வீட்டுக்குள் இருந்தது. நெய்கிறவர் அப்பா, தார் சுற்றுகிறவர் அம்மா, நூல் எடுத்துக் கொடுப்பது பிள்ளைகள். மேஸ்திரியும் தொழிலாளியும் ஒரே பாயில் படுக்கிற இடத்தில் வேலைநிறுத்தம் யாருக்கு எதிராக? நூல் கொடுத்துத் துணி வாங்கும் முதலாளியும் பெரும்பாலும் சொந்தக்காரர், அதே சாதி, அதே குலதெய்வம், அதே தேர்வடம். கூலியைக் கூட்டிக் கேட்டவர் அடுத்த வாரம் அவர் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி பரிமாற வேண்டியிருக்கும். இந்த நெருக்கத்தில் கோபம் கோஷமாக வெடிப்பது அபூர்வம். அது சாமியிடம் முறையிடலாகும், திருவிழாவில் ஆட்டமாகும், ஜாடைப் பேச்சாகும். தேவாங்கர்கள் சௌடேஸ்வரி அம்மனுக்குக் கத்தி போட்டுக்கொண்டு தெருவில் வருவதைக் கோவைப் பக்கம் பார்த்திருப்பீர்கள். வருடம் முழுக்கக் குழிக்குள் கால்விட்டு உட்கார்ந்த உடம்பு அன்றைக்கு ஒருநாள் தெருவின் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்கிறது. அதை வெறும் சாதிச் சடங்கு என்று ஒதுக்கிய இடதுசாரிகளும், வெறும் பக்தி என்று கும்பிட்டுவிட்டுப் போன மற்றவர்களும் சேர்ந்தே ஒரு தொழிலின் குரலைத் தவறவிட்டார்கள் என்பேன்.

ஆனாலும் தறி ஊருக்கு ஒரு பொது அரங்கு இருந்தது: பாவடி. நீண்ட திறந்தவெளியில், வெயில் ஏறுவதற்கு முன், கஞ்சி போட்ட பாவை இழுத்துக் கட்டி, இரு பக்கமும் ஆட்கள் நின்று நீவிவிட்டு, அறுந்த இழைகளைச் சேர்ப்பார்கள். தனியாகச் செய்ய முடியாத வேலை. கை வேலை செய்துகொண்டிருக்க வாய் சும்மாதான் இருக்கும். யார் வீட்டில் நூல் தீர்ந்தது, எந்தச் சங்கத்தில் கூலி பாக்கி, ரிபேட் பணம் எப்போது வரும், யார் யாரோடு ஓடிப்போனது என எல்லாமே அங்கேதான் ஓடும். கொங்குப் பேச்சின் அந்த இழுவை, ஏச்சிலும் விடாத ‘ங்க’, முகத்துக்கு நேராகச் சொல்லாமல் பக்கத்தில் நிற்கும் ஆளிடம் சொல்லிக் குத்துகிற கலை, இவற்றுக்கெல்லாம் பாவடி ஒரு பள்ளிக்கூடம். ஆலையில் பாவு சுற்றி உருளையாகவே வரத் தொடங்கியதும் அந்தப் பேச்சுக்கு இடம் போயிற்று. பாவடி நிலங்களில் பல இடங்களில் இப்போது கட்டடங்கள் நிற்கின்றன.

பிறகு விசைத்தறி வந்தது. கைத்தறிச் சத்தத்தோடு பேசலாம், பாடலாம், ரேடியோவும் கேட்கலாம். வரிசையாக விசைத்தறி ஓடும் கொட்டகைக்குள் பக்கத்து ஆளைக் கூப்பிடவே கத்த வேண்டும். இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளில் நெசவுப் பெண்கள் சத்தத்தைத் தாண்டிப் பேச வாயசைவையும் முகபாவத்தையும் வைத்தே ஒரு தனி மொழி வளர்த்துக்கொண்டார்கள். அதை ‘மீ-மா’ என்று பெயரிட்டு ஆராய்ந்திருக்கிறார்கள். மேடைக் கலைஞர்கள் அதை நடித்துச் சிரிக்க வைத்திருக்கிறார்கள். சோமனூரிலும் பல்லடத்திலும் விசைத்தறிக்காரர்கள் கையசைவிலேயே நூல் தீர்ந்ததையும் டீ வந்ததையும் சொல்லிக்கொள்கிறார்கள். பார்த்தவர்களுக்குத் தெரியும். படம் பிடித்துப் பத்திரப்படுத்தியவர் யார்?

நெசவாளர் கலகம் என்றதும் உலகத்துக்கு நினைவு வருவது 1844. பிரஷ்யாவின் சைலேசியா மாகாணத்துப் பீட்டர்ஸ்வால்டாவ் கிராமத்தில் பட்டினி கிடந்த நெசவாளர்கள், துணி வியாபாரி ஒருவரின் வீட்டுக்கு முன் நின்று அவரைத் திட்டித் தாங்களே கட்டிய ஒரு பாட்டைப் பாடினார்கள். பாட்டை நிறுத்தப் போய்த்தான் கலகமே மூண்டது. ராணுவம் வந்து சுட்டது. அதோடு முடியவில்லை. கவிஞர் ஹைனே அதைப் பற்றிக் கவிதை எழுதினார். ஐம்பது வருடம் கழித்து ஹாவுப்ட்மன் ‘நெசவாளர்கள்’ நாடகம் எழுத, பெர்லின் போலீஸ் அதைத் தடை செய்தது. அந்த நாடகத்தைப் பார்த்த இளம் ஓவியர் கேத்தே கோல்விட்ஸ் ஆறு அச்சோவியங்கள் செய்தார். அவற்றுக்குத் தங்கப் பதக்கம் கொடுக்கலாம் என்று நடுவர்கள் சொன்னதற்கு ஜெர்மன் பேரரசர் கைசர் மறுத்துவிட்டார். தெருவில் பாடிய பாட்டு ஒன்று அரசவையின் தூக்கத்தைக் கெடுக்கும்வரை கைமாறிக் கைமாறிப் போயிருக்கிறது.

நம் பக்கத்தில் அப்படி ஒரு கைமாற்றம் நடக்கவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1950-களின் தொடக்கத்தில் நூல் கிடைக்காமலும் நெய்தது விற்காமலும் தமிழ்நாட்டுக் கைத்தறி படுத்தபோது, நெசவாளர்கள் ஊர் ஊராகக் கையேந்தினார்கள். ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’ நாவல் 1953-இல் வந்தது. களம் நெல்லைச் சீமை என்றாலும் அதன் பசி எல்லாத் தறி ஊருக்கும் பொது. அதே ஆண்டில் அண்ணாவும் திமுகவினரும் கைத்தறித் துணியைச் சுமந்து தெருத்தெருவாக விற்றார்கள். துணி விற்ற பணத்தைவிட அந்தக் காட்சிக்கு மதிப்பு அதிகம். தலைவர் தோளில் நெசவாளியின் துணி கிடப்பதே ஒரு பேச்சு. (அதற்கும் முப்பது வருடம் முன்பு ஈரோட்டுப் பெரியார் கதர் மூட்டையைத் தோளில் போட்டுத் தெருவில் விற்றவர் என்பதை இங்கே சொல்லாமல் விட முடியவில்லை. துணி சுமக்கும் அரசியலுக்குக் காவிரிக் கரையில் வயது அதிகம்.) ‘புதையல்’ படத்துக்குப் பட்டுக்கோட்டையார் கைத்தறிச் சேலையைப் பற்றி ஒரு பாட்டு எழுதினார். அவர் எழுதிய பிறகுதான் சினிமா ரசிகன் சேலையில் இழையைப் பார்த்தான் என்றுகூடச் சொல்லலாம். சுப்ரபாரதிமணியன் ‘தறிநாடா’ நாவல் எழுதினார். நொய்யலில் ஓடிய சாயத்தை ‘சாயத்திரை’ ஆக்கினார். அந்தச் சாயத்தண்ணீர் கடைசியில் வந்து தேங்கியது சென்னிமலைக்குப் பக்கத்து ஒரத்துப்பாளையம் அணையில்தான்.

இவ்வளவு இருந்தும், ஊரின் பொது நினைவில் எது தங்குகிறது என்று பாருங்கள். 1984 பிப்ரவரி 12 அன்று இரட்டை மாட்டு வண்டி ஒன்று 1320 படிகளையும் ஏறி மலைக்கோயிலை அடைந்தது. தேதி தவறாமல் இதைச் சொல்வார்கள். சென்னிமலையின் பெருமைகளில் ஒன்றாகப் பத்திரிகைகளும் எழுதுகின்றன. அபிஷேகத் தண்ணீரைப் பொதி சுமந்து தினமும் படியேறிய காளைகளுக்கும் அந்த ஊர் மரியாதை செய்யத் தவறியதில்லை. நல்லதுதான், சுமந்தவனை மதிக்கத் தெரிந்த ஊர். அதே 1984-இல் திருப்பூரில் பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நான்கு மாதம் சம்பளமில்லாமல் அடுப்பு எப்படி எரிந்தது, யார் அரிசி கொடுத்தது, கேட் கூட்டங்களில் என்ன பாடினார்கள் என்பதெல்லாம் அன்றைக்கு நின்றவர்களின் வாயில் மட்டுமே இருக்கிறது. அவர்களுக்கு இப்போது அறுபதும் எழுபதும் ஆகிறது. மாடு ஏறிய தேதி தெரியும். மனிதர் நின்ற தேதி தெரியாது.

கொங்கு நாட்டின் வாய்மொழியைப் பதிவு செய்யவே இல்லை என்று யாரும் புகார் சொல்ல முடியாது. 1965 வாக்கில் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கியிருந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக், அண்ணன்மார் கதையை உடுக்கடிப் பாடகரிடமிருந்து ஒலிநாடாவில் பதிவு செய்தார். இரவு இரவாகப் பாடிய காவியம் அதனால் அச்சேறியது. சமீப காலத்தில் வள்ளி கும்மி கல்யாண மண்டபம்வரை வந்துவிட்டது. அதைப் பயிற்றுவித்த பத்ரப்பன் 2024-இல் பத்மஸ்ரீ பெற்றார். ஆனால் கவனித்தால் தெரியும், நாம் ஆசையோடு சேர்த்துவைத்தது நிலம் வைத்திருந்தவர்களின் கதையையும் சாமி கதையையும்தான். கவலை இறைத்தவன் பாட்டு ஓரளவுக்கு வந்தது. தறிக்குழியின் கதை வரவில்லை.

சென்னிமலையிலேயே பத்மஸ்ரீ வாங்கிய எம்.பி. நாச்சிமுத்து கட்டி வளர்த்த சென்டெக்ஸ் போன்ற கூட்டுறவுச் சங்கங்களை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. கூட்டுறவு என்பது நூலும் கடனும் மட்டுமில்லை. நெசவாளி எழுந்து நின்று தலைவரைக் கேள்வி கேட்கக் கிடைத்த முதல் மேடை அந்த மகாசபைதான். மில் கேட் கோவைக்குச் செய்ததை ஓரளவு மகாசபைகள் இங்கே செய்தன. சங்கங்களின் நடவடிக்கைப் புத்தகங்களில் கூலி உயர்வுத் தீர்மானம் இருக்கும். அதைக் கேட்டு எழுந்தவரின் பேச்சு, அதற்குக் கிடைத்த ஏச்சு, கூட்டம் முடிந்து டீக்கடையில் தொடர்ந்த பாதி, இவை ‘தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது’ என்ற வாக்கியத்துக்குள் புதைந்துவிடும். அலுவலகத் தமிழுக்குச் சண்டையே பிடிக்காது.

அரசு தன் பங்குக்கு நிறையச் செய்திருக்கிறது, செய்கிறது. 1985 ஒதுக்கீட்டுச் சட்டம் படுக்கை விரிப்பைக் கைத்தறிக்கு என்று வைத்தது. அதை மீறி விசைத்தறியில் ஓட்டுவதைப் பிடிக்கும் கை மட்டும் எப்போதும் தளர்ந்தே இருந்தது. 2023-இல் கைத்தறிக்கு இலவச மின்சாரம் இரு மாதத்துக்கு 300 யூனிட்டாக உயர்ந்தது. ஆகஸ்ட் 7 கைத்தறி நாள் 2015 முதல் கொண்டாடப்படுகிறது. நாட்டின் கைத்தறித் தொழிலில் 35 லட்சத்துக்கும் மேற்பட்டோர், அவர்களில் பெரும்பான்மை பெண்கள் என்று கடைசியாக எடுத்த கணக்கு சொல்கிறது. விழாவில் பேசுகிறவர்களோ பெரும்பாலும் வெள்ளை வேட்டிக்காரர்கள். தார் சுற்றியே தேய்ந்த பெண்ணை ‘உதவியாளர்’ என்று பதிவேட்டில் எழுதுகிற வழக்கம் மாறாதவரை, அவர் கையில் ஒலிபெருக்கி போகப்போவதில்லை.

செய்ய வேண்டியது பெரிய செலவில்லாத வேலை. ஊரைச் சுற்றிக் கல்லூரிகள் இருக்கின்றன. எல்லா மாணவர் கையிலும் பதிவு செய்யும் கருவி இருக்கிறது. எழுபது தாண்டிய நெசவாளிகளையும் தார் சுற்றியவர்களையும் பாவு பிணைத்தவர்களையும் பேச வையுங்கள். தறிச் சத்தம் பின்னால் கேட்கட்டும், அதை வெட்ட வேண்டாம். சங்கங்களின் பழைய மாதிரித் துணிகளையும் ஜக்கார்டு அட்டைகளையும் பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போடும் முன் படம் எடுத்து, எந்த டிசைனை யார் வரைந்தது, யார் அட்டை அடித்தது என்று விசாரித்து எழுதுங்கள். பெருந்துறை சிப்காட்டுக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்திருக்கிற பையன்கள் ஞாயிற்றுக்கிழமை அறைக்குள் பாடும் பாட்டையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். பிழைப்பு தேடி வந்த ஊரில் 27 வயதில் நிற்பவர்கள் அவர்களிலும் இருக்கிறார்கள். அரசு குமரனுக்கு இன்னொரு சிலை வைக்க முடிவெடுத்தால், சிற்பியை முதலில் ஒரு நாள் தறிக்கூடத்துக்கு அனுப்பட்டும்.